132 பி.பி.எம்., டி மைனர்: கோரஸ் போட்டால் பேஸ் தொலைகிறது, தமிழில் பாடினால் சினிமாப் பாட்டாகிறது

மழைத்தெரு

ரீப்பர் இசைப்பதிவு மென்பொருளில் ஒரு டார்க்வேவ் பாட்டு (கிட்டாரும் சிந்த்தும் கலந்த இருண்ட இசை வகை) பாதியில் நிற்கிறது. 132 பி.பி.எம்., டி மைனர். பேஸ் கிட்டார் நேராக இன்டர்ஃபேஸில், டிரம்ஸுக்கு ரோலண்ட் 909 டிரம் மெஷின் சாம்பிள், பின்னணியில் நீளும் பேடுக்கு சர்ஜ் எக்ஸ்டி மென்பொருள் சிந்த், ஒரு எலக்ட்ரிக் கிட்டார், குரல். அவ்வளவுதான்.

பேஸ்தான் பெரிய தலைவலி. அதில் போட்ட கோரஸ் எஃபெக்டின் வேகம் 0.6 ஹெர்ட்ஸ், டிலே 7 மில்லி செகண்ட், மிக்ஸ் 50 சதவீதம். டி தந்தியைத் திறந்தபடி அடிக்கும் இடத்தில் ஒரு பாரில் சத்தம் கனமாக இருக்கிறது, அடுத்த பாரில் அடித்தளமே இல்லாமல் உள்ளீடற்றுப் போகிறது. ஒரே பாரைத்தான் லூப் செய்திருக்கிறேன், எனவே கை பிசகு இல்லை. கம்ப்ரஸரை இறுக்கிப் பார்த்தும் மாற்றம் இல்லை.

டிரம்ஸ் கேட்க ஹவுஸ் பாட்டு மாதிரி இருக்கிறது. ஸ்நேருக்கு ரிவெர்ப் சேர்த்தால் எல்லாம் சேறு.

குரலில் 4 செகண்ட் ரிவெர்ப். சொல் புரியவில்லை. குறைத்தால் கரோக்கி. இதற்கு மேல் வரிகள் வேறு தமிழில். மெட்டு முழுக்க நடபைரவிச் சுரங்கள்தான், ஆனால் பாடியதும் சோக சினிமாப் பாட்டு வந்துவிடுகிறது. தமிழ் இந்த இசைக்கு ஒத்துவராதா, பாடும் விதம் தப்பா?

ஏழாம்_ஃப்ரெட்

பேஸுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். உங்கள் கணக்கிலேயே விடை இருக்கிறது.

கோரஸ் என்பது மூல ஒலியோடு அதன் சற்றுத் தாமதமான நகலைக் கலப்பது. தாமதம் 7 மில்லி செகண்ட், இரண்டும் பாதிப் பாதி என்றால், அந்தத் தாமதம் எந்த அதிர்வெண்ணுக்கு அரைச் சுற்றாக வருகிறதோ அது அடிபட்டுப் போகும். 1-ஐ 0.014-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 71 ஹெர்ட்ஸ். திறந்த டி தந்தி 73.4 ஹெர்ட்ஸ். அடுத்த பள்ளங்கள் 214, 357-இல் விழும். டி-யின் மூன்றாவது, ஐந்தாவது மேற்சுரங்கள் 220, 367. ஆகச் சுரத்தின் அடியும் அதன் ஒற்றைப்படை மேற்சுரங்களும் சேர்ந்து போய்விடுகின்றன. மிஞ்சுவது ஒரு ஸ்தாயி மேலே கேட்கும் எலும்புக்கூடு. நீங்கள் உள்ளீடற்றது என்று சொன்னது இதைத்தான்.

எல்லா பாரிலும் ஏன் போகவில்லை? கோரஸ் அந்த 7 மில்லி செகண்டை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. 5-க்கும் 9-க்கும் இடையில் ஆடினால் பள்ளம் 100 ஹெர்ட்ஸிலிருந்து 56 வரை போய்த் திரும்பும். 0.6 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 1.67 செகண்ட். 132 பி.பி.எம்.-இல் ஒரு பார் 1.82 செகண்ட். இரண்டும் ஒத்துப்போகாததால் ஒவ்வொரு பாரிலும் பள்ளம் வேறு வேறு சுரத்தின் தலையில் விழுகிறது. காணாமல் போன அதிர்வெண்ணைக் கம்ப்ரஸர் எங்கிருந்து கொண்டுவரும்?

சரிசெய்யும் வழி: பேஸ் டிராக்கை இரண்டாக நகலெடுங்கள். ஒன்றில் 180 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டு, மற்றதில் 180-க்குக் கீழ் வெட்டு, இரண்டிலும் ஒரே சரிவு. கீழ்ப்பகுதி மோனோ, கோரஸே கிடையாது. கோரஸ் மேல்பகுதிக்கு மட்டும். இணையும் இடம் மெலிந்து கேட்டால் ஏதாவது ஒரு டிராக்கின் போலாரிட்டியை (அலையின் மேல், கீழை) திருப்புங்கள். ஆக்டேவுக்கு 12 டெசிபெல் சரிவு வைத்தால் பெரும்பாலும் திருப்ப வேண்டிவரும். வெட்டுவதற்கு முன்பே கம்ப்ரஸர் இருக்கட்டும். 4-க்கு 1, அட்டாக் 25 மில்லி செகண்ட், ரிலீஸ் 110, குறைப்பு 5 டெசிபெல் போல. அட்டாக்கை 5-க்கு இறக்கினால் பிளெக்ட்ரம் தந்தியில் படும் அந்த 'டக்' செத்துவிடும். இந்த இசையில் பேஸ் உயிரோடு இருப்பதே அதனால்தான்.

இன்னொன்று, இது விருப்பத்துக்கு. அதே டி-யை ஒரு ஸ்தாயி மேலே, ஜி தந்தியின் 7-ஆம் ஃப்ரெட்டில் வாசித்துப் பாருங்கள். அது 146.8 ஹெர்ட்ஸ். 7 மில்லி செகண்ட் தாமதம் அந்த இடத்தைக் கெடுக்காது, தூக்கிவிடும். ஜாய் டிவிஷன் பேண்டில் பீட்டர் ஹூக் பேஸை மேல் ஃப்ரெட்டுகளில் வைத்து, எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் க்ளோன் தியரி கோரஸுக்குள் விட்டு, பாட்டின் மெட்டையே அதில் வாசித்தார். அந்த மேல் ஃப்ரெட்டு மெட்டு 1979-இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்தே கேட்கும். அதற்குப் பின் வந்த பாதி டார்க்வேவ் பேஸ் வரிகள் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். டி, ஜி தந்திகளில் 5 முதல் 12-ஆம் ஃப்ரெட் வரை, புதிய ரவுண்ட்வவுண்ட் தந்தி, 1 மில்லிமீட்டர் பிளெக்ட்ரம், பிரிட்ஜை ஒட்டி அடி. எட்டாம் பங்கு சுரங்கள் எல்லாமே கீழ்நோக்கிய அடியாக இருக்கட்டும். மேல் கீழ் மாற்றி அடித்தால் இரண்டாவது அடி மெலியும், இயந்திரத்தனம் போய்விடும். 132-இல் செகண்டுக்கு 4.4 அடி, கை தாங்கும்.

நாடாச்சுருள்

டிரம்ஸ் ஹவுஸ் மாதிரி இருக்குன்னா அதுக்கு 909 மட்டும் காரணம் இல்ல. நாலு பீட்லயும் கிக், நடுநடுவுல ஓப்பன் ஹை-ஹேட் போட்டிருப்பீங்க. அந்த ரெண்டும் சேர்ந்தா எந்த சாம்பிள் வெச்சாலும் கால் ஆடத்தான் செய்யும்.

முதல்ல ஓப்பன் ஹேட்டைத் தூக்குங்க. 606 சாம்பிளுக்கு மாறுங்க. 1981-ல ரோலண்ட் விட்ட மெஷின், சத்தம் சின்னது, சன்னமானது, தகரம் மாதிரி. அதுதான் வேணும். ஒரு பாரை 16 கட்டமாப் பிரிச்சா கிக் 1, 9, 11. ஸ்நேர் 5, 13. க்ளோஸ்டு ஹேட் எல்லா ஒற்றைப்படைக் கட்டத்துலயும், எல்லாம் ஒரே வால்யூம். ஸ்விங் 0. ஹ்யூமனைஸ் பட்டன் பக்கமே போகாதீங்க.

ஆனா தட்டையா விடணும்னு அர்த்தம் இல்ல. 606-ல அழுத்தம், அதாவது ஆக்சென்ட், ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியா கிடையாது. ஒரு கட்டத்துல வெச்சா அந்தக் கட்டத்துல விழுற எல்லாச் சத்தமும் சேர்ந்து ஏறும். ரீப்பர்ல அப்படியே செய்யலாம்: 5, 13-ல ஸ்நேரையும் ஹேட்டையும் சேர்த்து 3 டெசிபெல் ஏத்துங்க. ஸ்நேரை மட்டும் ஏத்தினா வராத ஒரு விறைப்பு அதுல வரும்.

சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி ஆளே இல்லாம டிரம் மெஷினை பேண்ட் உறுப்பினர் மாதிரி டாக்டர் அவலாஞ்ச்னு பேர் வெச்சு வெச்சுக்கிட்டாங்க. முதல்ல அது பாஸ் டிஆர்-55. கிக், ஸ்நேர், ரிம்ஷாட், ஹேட், மொத்தமே நாலு சத்தம். அந்த வறுமை காதுக்குப் பழகிட்டா 200 சாம்பிள் கிட் எல்லாம் அனாவசியமாத் தோணும்.

இப்ப ஸ்நேர் ரிவெர்ப். கேட் வேணும், அதாவது சத்தத்தைத் திறந்து மூடுற கதவு. ஸ்நேர்ல இருந்து ஒரு செண்ட் (ஒலியோட நகலைத் தனிச் சேனலுக்கு அனுப்புறது), அதுல 2 செகண்ட் பிளேட் ரிவெர்ப், அதுக்கு அப்புறம் கேட். கேட்டோட சைட்செயின்ல, அதாவது எப்பத் திறக்கணும்னு சொல்ற உள்ளீட்டுல, காய்ஞ்ச (எஃபெக்ட் இல்லாத) ஸ்நேரைக் கொடுங்க. அட்டாக் 1 மில்லி செகண்டுக்குள்ள, ஹோல்டு 190, ரிலீஸ் 40. 132-ல எட்டாம் பங்கு 227 மில்லி செகண்ட், அதனால அடுத்த ஹேட் விழுற நேரத்துல வால் பட்டுன்னு அறுந்திருக்கும். டெம்போ மாத்தினா ஹோல்டையும் மாத்தணும்.

இதுல வழக்கமா நடக்கிற தப்பு ரெண்டு. சைட்செயின் கொடுக்காம ரிவெர்ப்பே கேட்டைத் திறக்கிற மாதிரி விட்டா வால் எப்ப முடியும்னு த்ரெஷோல்டுதான் முடிவு பண்ணும், ஒவ்வொரு அடிக்கும் வேற நீளம் வரும். ரிலீஸை 0 வெச்சா முடியுற இடத்துல 'க்ளிக்' கேட்கும்.

கிக்குக்கும் ஹேட்டுக்கும் ரிவெர்ப் துளிகூட வேண்டாம். இதைத்தான் நிறையப் பேர் தலைகீழாப் பண்றாங்க. இருட்டான இசை, அதனால எல்லாத்தையும் குகைக்குள்ள தள்ளணும்னு நினைப்பு. அந்தக் காலத்து ரெக்கார்டைக் கவனிச்சுக் கேளுங்க, கிக் மூக்குக்கு முன்னாடி நிக்கும். பின்னாடி இருக்கிறது கிட்டாரும் குரலும்தான். ஜாய் டிவிஷனோட தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் டிரம் செட்டைப் பிரிச்சு ஒவ்வொரு துண்டையும் தனித்தனியா வாசிக்கச் சொல்லிப் பதிவு பண்ணினார். ஒரு மைக்ல விழுந்தது இன்னொண்ணுல கசியக் கூடாதுன்னு. ஸ்நேர்ல ஏஎம்எஸ் டிஜிட்டல் டிலே. மனுஷன் வாசிச்ச டிரம்ஸே மெஷின் மாதிரி கேட்கிறது அதனாலதான். பக்கத்துல ஒண்ணு காய்ஞ்சு கிடந்தாத்தான் தூரத்துல இருக்கிறது தூரமாத் தெரியும்.

இரும்புச்சத்தம்

பேஸ் கிட்டாரோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? அதைத் தூக்கிவிட்டு சிந்த் பேஸ் வையுங்கள், கோரஸ் பிரச்சினையே இருக்காது. சர்ஜிலேயே செய்யலாம்: ஒரு சா அலை, ஒரு ஸ்தாயி கீழே சதுர அலை, லோபாஸ் 450 ஹெர்ட்ஸ், ரெசனன்ஸ் 20 சதவீதம், ஃபில்டர் என்வலப் டிகே 180 மில்லி செகண்ட், சஸ்டெய்ன் 0. பதினாறாம் பங்கு சுரமாக ஓட விடுங்கள். கிக்கை நாலு பீட்டிலும் திரும்பக் கொண்டுவாருங்கள்.

நாடாச்சுருள்

@இரும்புச்சத்தம் அது வேற வீடு. பதினாறாம் பங்கு சீக்வென்ஸ் பேஸ், நாலு கிக், மேல ஒருத்தர் கத்தினா அது இபிஎம், எலக்ட்ரானிக் பாடி மியூசிக். ஜெர்மன் பேண்ட் டிஏஎஃப் 1981-ல காங்க் பிளாங்க் ஸ்டுடியோவுல எம்எஸ்-20 சிந்த் வெச்சுப் பண்ணினது, பெல்ஜியத்துல ஃப்ரண்ட் 242 அந்தப் பேரைப் பரப்பினது. நல்ல இசைதான், ஆனா உடம்பை அசைக்கிற இசை. இவர் கேட்கிறது அசையாம நிக்கிற இசை.

இரும்புச்சத்தம்

காங்க் இல்லை, கானி பிளாங்க். வேலி அவ்வளவு உயரமும் இல்லை. பிரான்சில் காஸ் ப்ராடக்ட் பேஸ் கிட்டாரே இல்லாமல் சிந்த்தையும் டிரம் மெஷினையும் வைத்துச் செய்ததைக் கோல்ட்வேவ் என்கிறோம். க்ளான் ஆஃப் சைமாக்ஸ் 1985-இல் 4ஏடி நிறுவனத்தில் போட்ட ஆல்பத்தில் கிட்டாரும் சீக்வென்ஸரும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. நாலு கிக்கை விட்டுத்தருகிறேன். சிந்த் பேஸை விட்டுத்தர மாட்டேன். எட்டாம் பங்காகக் குறைத்தால் இவர் பாட்டில் அழகாக உட்காரும்.

நாடாச்சுருள்

கானிதான், கை தவறிடுச்சு. எட்டாம் பங்குன்னா எனக்குச் சம்மதம்.

கூதிர்

குரலுக்கு வருகிறேன். அதுதான் இந்தக் கேள்வியில் சுவையான பகுதி, எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள்.

தமிழ் ஒத்துவராது என்பது வீண் பயம். துருக்கியின் பூர்சாவில் தொடங்கிய ஷீ பாஸ்ட் அவே துருக்கியில் பாடுகிறார்கள். மின்ஸ்கில் தொடங்கிய மோல்சாட் டோமா ரஷ்ய மொழியில் பாடுகிறார்கள். சொல் ஒன்றுகூடப் புரியாதவர்கள் உலகம் முழுக்கக் கேட்கிறார்கள். மொழி எதுவும் தடை இல்லை.

தடை கமகம். நடபைரவியின் சுரங்களும் நேச்சுரல் மைனரின் சுரங்களும் ஒன்றே. ஆனால் நம் வாய்க்கு க-வையும் நி-யையும் அசைக்காமல் பிடிக்கத் தெரியாது. ரி-யிலிருந்து க-வுக்கு ஒரு வழுக்கல், வரி முடியும் இடத்தில் ஒரு சின்ன சங்கதி, உச்சத்தில் தார ஸட்ஜம். இந்த மூன்றும்தான் காதுக்கு சினிமாவாகக் கேட்கிறது. சுரத்தை ஆணி அடித்தது போல நேராகத் தொடுங்கள், ஆட்டாமல் நிறுத்துங்கள், அப்படியே விடுங்கள். பாடும்போது தெரியாமல் நழுவும், அதனால் மெட்டை முதலில் சிந்த்தில் சதுர அலையில் வாசித்துப் பதிந்து, அதன் மேல் பாடுங்கள். எங்கே வளைக்கிறீர்கள் என்பது உடனே பிடிபடும். பிட்ச் கரெக்‌ஷனை இறுக்கி வளைவை நசுக்கலாம் என்று தோன்றும். வேண்டாம், அது வேறொரு காலத்துப் பாட்டாக ஆகிவிடும்.

டி என்றால் இரண்டு கட்டை. ஆண் குரலானால் மந்தர ஸ்தாயி பஞ்சமத்திலிருந்து மத்திய ஸ்தாயி காந்தாரம் வரை போதும், அதற்கு மேல் ஏறாதீர்கள். பெண் குரலுக்கு டி-யே வசதியாக இராது. பேஸ் வரியை மாற்றி ஏ மைனருக்குக் கொண்டுபோனால் அடி ஸ்தாயியில் பேசுவது போலப் பாட இடம் கிடைக்கும். மைக்கிலிருந்து 6 சென்டிமீட்டர், மெதுவான குரல். கார்டியாய்டு மைக் அந்த நெருக்கத்தில் தானாகவே அடிக் கனம் சேர்க்கும். 'ப', 'ம்ப' வரும் இடங்களில் காற்று அடிக்கும், மைக்கை வாயின் நேர்க்கோட்டிலிருந்து சற்றே விலக்கி வையுங்கள்.

வரிகளையும் பாருங்கள். 'நடந்துகொண்டிருக்கிறேன்' போன்ற வினைமுற்றுகள் எட்டாம் பங்கு தாளத்தில் அரிசி கொட்டியது போல விழும். தமிழில் வினையே இல்லாமல் வாக்கியம் நிற்கும். 'கதவு இல்லை. சுவர் ஈரம். யாரும் இல்லாத மாடி.' இதில் ஈரம், மாடி இரண்டிலும் நெடில் இருக்கிறது, அங்கே நிறுத்திப் பிடிக்கலாம். பேச்சுத்தமிழை விட எழுத்துத்தமிழ் இங்கே நன்றாக விறைத்து நிற்கிறது என்பது என் கருத்து. 'இல்ல' என்றால் யாரோ பக்கத்தில் இருந்து சொல்வது போல, 'இல்லை' என்றால் அறிவிப்புப் பலகை. நமக்கு வேண்டியது பலகை.

இனி ரிவெர்ப். 4 செகண்டை 2.2 ஆக்குங்கள். இன்செர்ட்டில், அதாவது குரல் டிராக்கிலேயே, போடாமல் செண்டில் போடுங்கள். ப்ரீ-டிலே 45 மில்லி செகண்ட். மெய்யெழுத்து முதலில் காய்ந்தபடி வந்து சேரும், பிறகுதான் அறை திறக்கும். ரிவெர்ப் திரும்பி வரும் சேனலில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டு. மேலே வெட்டாவிட்டால் ஒவ்வொரு 'ச'-வும் 'ஸ்ஸ்' என்று வால் முளைக்கும். அதே சேனலில் ஒரு கம்ப்ரஸர் வைத்து, காய்ந்த குரலைச் சைட்செயினாகக் கொடுங்கள். பாடும்போது ரிவெர்ப் 4 டெசிபெல் தாழட்டும், ரிலீஸ் 200 மில்லி செகண்ட், வரி முடிந்ததும் மேலே எழட்டும். கரோக்கியும் இராது, சேறும் இராது.

டிலே போடுவதானால் புள்ளி வைத்த எட்டாம் பங்கு, உங்கள் டெம்போவில் 341 மில்லி செகண்ட், ஃபீட்பேக் 20 சதவீதம். தமிழுக்கென்றே ஒரு எச்சரிக்கை. 'ட்ட', 'க்க', 'ற்ற' போன்ற இரட்டிப்புகள் டிலேயில் திரும்பத் திரும்ப வந்து தாள வாத்தியம் போலத் தட்டும். 'விட்டுப் போன கட்டடம்' என்று ஒரு வரி இருந்தால் ஹேட்டோடு சண்டை நிச்சயம். டிலே சேனலில் 2.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டினால் தட்டல் அடங்கி உயிரெழுத்து மட்டும் மிதக்கும். அதற்கும் அடங்காத வரிக்கு அந்தச் சொல்லில் மட்டும் செண்டை ஆட்டோமேஷனில் மூடுங்கள்.

மழைத்தெரு

பேஸ் விவகாரம் முடிந்தது, 180-இல் பிரித்ததும் டி எல்லா பாரிலும் நிற்கிறது. 12 டெசிபெல் சரிவுதான், போலாரிட்டி திருப்ப வேண்டியிருந்தது. மெட்டையும் 7-ஆம் ஃப்ரெட்டுக்கு ஏற்றிவிட்டேன். கிக் 1, 9, 11 நன்றாக இருக்கிறது. குரல் ஆண் குரல்தான், இரண்டு கட்டையில் இறக்கிப் பாட இன்னும் பழக வேண்டும்.

புதிதாக ஒன்று. ஹெட்ஃபோனில் கிட்டார் அகலமாக அழகாகக் கேட்கிறது. போனில் போட்டால் கிட்டாரையே காணோம். க்ளீன் டோன், கோரஸ், டிலே, ரிவெர்ப், கடைசியில் ஸ்டீரியோ வைடனர் 170 சதவீதம்.

ஏழாம்_ஃப்ரெட்

வைடனர்தான். அது இடது வலது இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பெருக்குகிறது. போன் இரண்டையும் கூட்டி ஒன்றாக்கும்போது வேறுபாடு முழுதாக அடிபட்டுப் போகும், நடுவில் மிஞ்சியிருப்பது மட்டும் கேட்கும். 170 வைத்தால் நடுவில் என்ன மிஞ்சும்?

எடுத்துவிட்டு ரோலண்ட் ஜேசி-120 ஆம்ப் செய்வதைச் செய்யுங்கள். 1975 முதல் அதில் இரண்டு ஸ்பீக்கர். கோரஸ் போட்டால் ஒன்றில் காய்ந்த ஒலி, மற்றதில் பிட்ச் ஆடும் ஒலி. பெட்டிக்குள் கலப்பதில்லை, காற்றில்தான் கலக்கும். தி க்யூர் கேட்டிருந்தால் அந்தச் சில்லிடும் க்ளீன் டோன் தெரிந்திருக்கும்.

ரீப்பரில் கிட்டாரை நகலெடுத்து, ஒன்றை முழு இடதில் எதுவும் போடாமல் வையுங்கள். மற்றதை முழு வலதில் வைத்து, கோரஸின் மிக்ஸை 100 சதவீதம் வெட் (எஃபெக்ட் ஒலி மட்டும்) ஆக்குங்கள்; அப்போது அது கோரஸாக இராது, வைப்ரேட்டோ ஆகிவிடும். வேகம் 0.5 ஹெர்ட்ஸ். ஆழத்தை, தனியாகக் கேட்டால் சுருதி பிசகுவது லேசாகத் தெரியும் அளவுக்கு ஏற்றி, அதிலிருந்து கொஞ்சம் குறையுங்கள். ஹெட்ஃபோனில் அகலம் அப்படியே இருக்கும். மோனோவில் கூடும்போது சாதாரணக் கோரஸாக மாறும், மறையாது. பேஸில் நடந்த அதே அடிபடல் இங்கேயும் கொஞ்சம் நடக்கும், ஆனால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டிவிட்டால் கிட்டாரில் அது குறையாகத் தெரியாது, நிறமாகத்தான் தெரியும். டிலேயும் ரிவெர்ப்பும் இந்த இரண்டும் சேர்ந்த பஸ்ஸில், அதாவது கூட்டு டிராக்கில், வரட்டும்.

மாஸ்டரில் மோனோ பட்டன் இருக்கிறது. கிட்டாரின் வால்யூமை அதை அழுத்தி வைத்துக்கொண்டே தீர்மானியுங்கள்.

கூதிர்

அதே மோனோ நிலையில் குரல் ரிவெர்ப்பையும் ஒருமுறை கேளுங்கள். ஸ்டீரியோவில் இருந்ததை விடத் தணிந்திருக்கும். 1 டெசிபெல் வரை செண்டை ஏற்றலாம், அதற்கு மேல் வேண்டாம்.